பழவேற்காட்டில் பூநாரை பார்க்க: மாதம், நேரம், எட்டம்

பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கப் பழவேற்காடு ஏரிக்குப் போய், தொலைவில் ஒரு வெள்ளைக் கீற்றை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். மாதமும் நேரமும் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு ஓடாதீர்கள். தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுத்தண்ணீரை அரித்துத் தின்கிற பறவை பூநாரை. ஏரி நிறைந்திருந்தால் அதற்கு நின்று மேய இடமில்லை. தண்ணீர் வடிகிற ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம்.

வடசென்னையில் திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்குங்கள். எண்ணூர் தாண்டியதும் ஆற்றுப்பாலத்தில் ஜன்னலை விடாதீர்கள். தண்ணீர் வற்றிய நேரமானால் சேற்றுத்திட்டில் கொக்கும் உள்ளானும் மேயும். 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவில் கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பித் தவித்ததும் இந்த எண்ணூர் முகத்துவாரத்தில்தான். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ் உண்டு. பூநாரை மட்டும் போதும் என்றால் மேற்குக் கரையிலுள்ள அண்ணாமலைச்சேரியே நல்லது. அதற்குச் சொந்த வண்டிதான் வசதி.

பறவை பார்க்க விடியலே நல்லது என்பார்கள். இங்கே அது பாதிதான் சரி. மேற்குக் கரையில் காலை வெயில் கண்ணுக்கு நேரே அடிக்கும், பறவை கறுப்பு நிழலாகத்தான் தெரியும். மூன்றரை மணிக்குமேல் வெயில் முதுகுப்பக்கம் வந்துவிடும். இறக்கை விரியும்போது ரோஜாச் சிவப்பும் கறுப்பு ஓரமும் பளிச்சென்று தெரியும்.

8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். பூநாரை மேயும்போது காலால் சேற்றை மிதித்துக் கலக்கிக்கொண்டே இருக்கும். மிதிப்பதை விட்டு, எல்லாக் கழுத்தும் நிமிர்ந்து, கூட்டமே ஒரு பக்கமாக நடக்க ஆரம்பித்தால் அளவுக்குமேல் நெருங்கிவிட்டீர்கள். அப்படியே பின்வாங்கி உட்காருங்கள், பெரும்பாலும் தலைகள் மறுபடி கவிழும். இன்னும் நெருங்கினால் பறந்துவிடும். மேய்ச்சல் அதற்கும் போச்சு, காட்சி உங்களுக்கும் போச்சு.

படத்துக்காகச் சேற்றில் இறங்க வேண்டாம். மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் கறுப்புக் குழம்பு. முழங்கால்வரை இழுக்கும், செருப்பு திரும்பி வராது. படகுக்கு யாராவது கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, காக்கி அல்லது மங்கிய பச்சைச் சட்டை. கரையில் நிழல் கிடையாது. கழிப்பறை வேலையைப் பொன்னேரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், இது பறவைகள் சரணாலயம்.