நீலத் திரை வந்ததுமே புது ரேம் வாங்காதீர்கள்

திரை நீலமாகி "மெமரி மேனேஜ்மென்ட்" என்றோ "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா" என்றோ வந்தால், உடனே ரேம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ரேம் கெட்டிருந்தாலும் இந்தச் செய்தி வரும். ரேமை அதன் சக்திக்கு மீறி ஓட்டினாலும் வரும். டிரைவர் (கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்கும் சாஃப்ட்வேர்) கோளாறிலும், பிராசசர் கோளாறிலும்கூட வரும். அதனால் காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுவோம்.

திடீரென நின்று விழுவது கம்ப்யூட்டரா, ஒரு புரோகிராம் மட்டுமா என்று பாருங்கள். குரோமோ கேமோ மட்டும் மூடிக்கொண்டால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரிக்குப் போங்கள். அங்கே "கமிட்டட்" என்பதன் கீழ் இரண்டு எண்கள் இருக்கும். 15.2/15.9 என்பதுபோல் முதல் எண் இரண்டாவதை நெருங்கினால் ரேம் கெடவில்லை, இடம்தான் தீர்ந்துவிட்டது. இரண்டாவது எண் ரேமும், ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவு. "வேகம் கூடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பேஜ் ஃபைலை அணைத்து வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். அதை விண்டோஸே நிர்வகிக்கும்படி விட்டுவிடுங்கள். சி டிரைவிலும் கொஞ்சம் காலி இடம் வேண்டும்.

முழுக் கம்ப்யூட்டரும் விழுகிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப் பெயரோடு என்றால், ரேம் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. எப்போதும் ஒரே டிரைவர் ஃபைலின் பெயர் வந்தால் முதலில் அந்த டிரைவரை மாற்றிப் பாருங்கள்.

ரேமைச் சந்தேகிக்கும்போது விண்டோஸை மறுபடி போடாதீர்கள், பெரிய ஃபைல்களை காப்பி செய்யாதீர்கள். கெட்ட ரேம் வழியாகப் போகும் ஃபைல் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். பேக்கப் அவசரமென்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள்.

அடுத்து பயாஸ், அதாவது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் செட்டிங்ஸ் பகுதி. ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி (ஏஎம்டி டிடிஆர்5 போர்டுகளில் எக்ஸ்போ) ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். டிடிஆர்4 பெட்டியில் 3600 என்று போட்டிருந்தாலும் அது ஓவர்கிளாக் வேகம்தான், அதாவது தரப்படுத்தப்பட்டதை மீறிய வேகம். பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓடும், தரப்படுத்தப்பட்ட அளவு 1.2 வோல்ட். அணைத்ததும் விழுவது நின்றால் ரேமை மாற்ற வேண்டியதில்லை. பயாஸை அப்டேட் செய்து மறுபடி எக்ஸ்எம்பி போட்டுப் பாருங்கள், அல்லது ஒரு படி குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். நான்கு ரேம் போட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரைசன் 7000 வரிசைக்கு நான்கு டிடிஆர்5 போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600 மட்டுமே. பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் கேட்டாலும் கேட்கும்.

அதற்கும் நிற்காவிட்டால் ரேமைச் சோதிக்கும் இலவசப் புரோகிராமான மெம்டெஸ்ட்86+. விண்டோஸில் உள்ள மெமரி டயக்னாஸ்டிக்கும் இருக்கிறது, ஆனால் அது "பிழை இல்லை" என்றால் நம்பிவிட முடியாது. மெம்டெஸ்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி (அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்) அதிலிருந்து பூட் செய்யுங்கள். கிளம்ப மறுத்தால் பயாஸில் உள்ள செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்கலாம். குறைந்தது நான்கு பாஸ் (முழுச் சுற்று) ஓடட்டும், இரவு முழுக்க விடுவது உத்தமம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். "ஒன்றிரண்டு பரவாயில்லை" என்பதெல்லாம் இங்கே கிடையாது.

மெம்டெஸ்ட்டில் பிழையைக் காட்டும் சிவப்பு வரி வந்தால்:

1. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) சுவிட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள்.
2. தங்க நிறக் காண்டாக்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் துடைத்து உலர விடுங்கள். ரப்பர் வைத்துத் தேய்ப்பது நம் கடைகளில் வழக்கம். மெதுவாகச் செய்தால் தப்பில்லை, துகள் ஸ்லாட்டுக்குள் போகக் கூடாது. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.
3. ஒரே ஒரு ரேமை, நான்கு ஸ்லாட் போர்டானால் பொதுவாகப் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில், "க்ளிக்" சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டிச் சோதியுங்கள். பிறகு அடுத்த ரேமை அதே ஸ்லாட்டில்.
4. பிழையில்லாத ரேமை மற்ற ஸ்லாட்டுகளிலும் மாட்டிப் பாருங்கள்.

பிழை ஒரு ரேமோடு எல்லா ஸ்லாட்டுக்கும் போனால் அந்த ரேம் கெட்டது. கிட்டாக (ஜோடியாக ஒரே பெட்டியில்) வாங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே வாரண்டிக்கு அனுப்புங்கள். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் போர்டைக் குறை சொல்வதற்கு முன் பிராசசர் உட்காரும் சிபியு சாக்கெட்டைப் பாருங்கள். வளைந்த ஒரு பின், ஒரு பக்கம் மட்டும் இறுக்கிய கூலர், இரண்டுமே பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான ஒரு பாதையை (மெமரி சேனல்) முடக்கும். டிடிஆர்5 போர்டில் ரேமை மாற்றியதும் சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கலாம். போர்டு புது ரேமுக்கு ஏற்ப தன்னைச் சரிசெய்துகொள்ளும் ட்ரெயினிங் நடக்கிறது, பதறி அணைக்காதீர்கள்.

எல்லா ரேமும் தேறி, கேம்கள் மட்டும் "வீடியோ மெமரி போதவில்லை" என்று விழுந்தால், இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் பிராசசரைச் சந்தேகிக்கலாம். அதிக வோல்டேஜால் அவை தேய்ந்துபோவதைத் தடுக்க 2024 ஆகஸ்டு முதல் இன்டெல் மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தங்களை வெளியிட்டது. அவை புது பயாஸோடு வரும், ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை மீட்காது. இன்டெல் அதற்காக வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது.

கோளாறு தீர்ந்ததும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் சிஸ்டம் ஃபைல் செக்கரை (sfc /scannow) ஒருமுறை ஓட்டுங்கள். கெட்ட ரேம் இருந்த நாட்களில் சிதைந்த விண்டோஸ் ஃபைல்களை அது சரிசெய்யும். உங்கள் போட்டோக்களையும் கணக்குகளையும் அது தொடாது. அவற்றை நீங்களே திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.