மீட்டரின் சிவப்பு விளக்கை வைத்து வீணாகும் கரண்ட்டைப் பிடிப்பது எப்படி?

இரவு பத்தரை மணி. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் லைட், ஃபேன் எல்லாம் அணைத்தாகிவிட்டது. மீட்டரின் சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டுச் சிமிட்டியது. யாரும் எதையும் ஓட்டாதபோதும் கரண்ட் போகிறது. எவ்வளவு என்று நீங்களும் இன்றே பார்க்கலாம். போனில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும்.

முதலில், டிவியை வழக்கம்போல ரிமோட்டில் அணையுங்கள். ஃப்ரிட்ஜை மட்டும் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். கரண்ட் போய் வந்த கையோடு அளக்காதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

அப்புறம் மீட்டரின் முகப்பைப் பாருங்கள். எங்களுடையதில் 3200 என்று இருக்கிறது. அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட். சில மீட்டர்களில் இந்த எண் வேறாக இருக்கும். 36,00,000-ஐ அந்த எண்ணால் வகுங்கள், எங்களுக்கு 1125. அதை இரண்டு சிமிட்டலுக்கு நடுவே உள்ள நொடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். எங்களுக்கு 45 நொடி, அதாவது 25 வாட். கேட்கச் சின்னதுதான். ஆனால் 24 மணி நேரமும் இப்படியே போனால் 60 நாளில் 36 யூனிட்! இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு நல்ல பங்கு.

இனி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து மறுபடி நொடியைப் பாருங்கள். செட்டாப் பாக்ஸை அணைத்ததும் எங்களுக்கு 45 நொடி 75 ஆனது. அந்தப் பெட்டி மட்டும் 10 வாட். ரிமோட்டில் அணைத்தாலும் அது உள்ளே விழித்தேதான் இருக்கிறது. சும்மா செருகிக் கிடக்கும் போன் சார்ஜர் ஒரு வாட்கூட இழுப்பதில்லை. அதற்காகப் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம்.

டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் மூன்றையும் சுவிட்ச் வைத்த ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, கை எட்டும் இடத்தில் வையுங்கள். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் ஒரே வாரத்தில் பழக்கம் விட்டுப்போகும்.

ஏற்காட்டில் இருக்கிறீர்களா? அங்கே முதலில் பார்க்க வேண்டியது தொட்டி கீசரை. என் அக்கா ராத்திரி முழுக்கப் போட்டே வைப்பார். மலைக் குளிரில் தொட்டியின் சூடு கசியக் கசிய, 2000 வாட் காயில் திரும்பத் திரும்ப ஓடும். அப்போது மீட்டரைக் காட்டினேன்: நொடிக்கு ஏறக்குறைய இரண்டு சிமிட்டல். இப்போது காலையில் எழுந்ததும் போட்டு, குளிக்கப் போகும் முன் அணைத்துவிடுகிறார்.