போட்டோ போட்டியில் ‘அருமை’ தவிர வேறு கருத்து வாங்குவது எப்படி?

மானாமதுரையில் எடுத்த படம் ஒன்றை எங்கள் நண்பர் குழுவின் மாதாந்திர ஆன்லைன் போட்டிக்கு அனுப்பியிருந்தேன். சக்கரத்தில் சுழலும் களிமண், அதை அணைத்துப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். 19 பேர் கருத்து எழுதினார்கள். 16 ‘அருமை’, 2 ‘செம’, ஒரு கைகூப்பு. பரிசு கிடைக்கவில்லை, ஏன் என்றும் தெரியவில்லை. அப்புறம் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டினேன். அண்ணன் மகள் வந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “சித்தப்பா, அந்த நீல டிரம் எதுக்கு?” என்றாள். குயவரின் தோளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டிரம். மொத்தப் படத்திலும் பளிச்சென்று தெரிந்தது அதுதான். மூன்று மாதமாக நான் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த 19 பேரில் சிலராவது டிரம்மைப் பார்த்திருப்பார்கள். ஆனால் நாங்கள் அவர்களிடம் ‘கருத்து சொல்லுங்கள்’ என்று மட்டும்தான் கேட்டிருந்தோம். கல்யாண வீட்டு வாசலில் நின்று ‘சாப்பாடு எப்படி?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்?

போட்டி நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகு, ஏழு மாதம் அடித்துத் திருத்திக் கடைசியில் நிலைத்த முறை இது. 20, 30 பேர் கலந்துகொள்ளும் போட்டிக்குச் சரியாக இருக்கும். கூகுள் ஃபார்மும் ஷீட்டும் பயன்படுத்தத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: படத்தோடு ஒரு சந்தேகத்தையும் வாங்குங்கள்

ஃபார்மில் ஃபைல் அப்லோட் கேள்வி ஒன்று, ஆளுக்கு ஒரு படம், 10 எம்பி வரை. அனுப்புகிறவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். வாட்ஸப்பில் படம் வாங்காதீர்கள். டாக்குமென்டாக அனுப்பினால் படம் அப்படியே வரும் என்பது உண்மைதான், ஆனால் எத்தனை முறை சொன்னாலும் பாதிப் பேர் சாதாரணப் படமாகவே அனுப்புவார்கள், அது சுருங்கித்தான் வரும்.

அதே ஃபார்மில் இன்னும் மூன்று கேள்விகள்: இதில் எதைக் காட்ட நினைத்தீர்கள்? எதில் உங்களுக்குச் சந்தேகம்? ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) என்ன? இரண்டாவது கேள்வியைக் கட்டாயமாக்குங்கள். ‘1/15 விநாடியில் எடுத்தேன், சக்கரம் சுழல்வது தெரிகிறதா, இல்லை கை ஆடிய மாதிரி இருக்கிறதா?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால், அதற்கு ‘அருமை’ என்று பதில் எழுத முடியாது.

படி 2: எடுத்தவர் யார் என்று தெரியக் கூடாது

நான் சறுக்கியது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

பெயர் தெரிந்தால் ஆளைப் பார்த்துத்தான் கருத்து வரும். குழுவில் மூத்தவர் படம் என்றால் ‘பாடம் கற்றுக்கொண்டோம் அண்ணா’, புதியவர் படம் என்றால் ‘தொடர்ந்து முயற்சி செய்யுங்கள்’. அதனால் முதல் மாதமே பெயர்களை மறைப்பதாக அறிவித்தேன். படங்கள் வந்து விழுந்த டிரைவ் ஃபோல்டரை அப்படியே பகிர்ந்தேன். கூகுள் ஃபார்ம் வழியாக வரும் ஃபைலின் பெயரோடு அனுப்பியவர் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கவனிக்காதது என் தப்பு. ‘ரகசியப் போட்டி’ என்று தலைப்புப் போட்டு 22 பேரின் பெயரையும் ஊருக்கே காட்டிவிட்டேன்.

இரண்டாவது மாதம் உஷாராகி, எல்லாப் படங்களையும் இறக்கி 01, 02 என்று எண் மட்டும் கொடுத்தேன். எந்தக் கேமரா, எப்போது எடுத்தது என்றெல்லாம் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் எக்ஸிஃப் தகவலையும் துடைத்தேன். கேமராவில் உரிமையாளர் பெயரைப் பதிந்து வைத்திருப்பவர்கள் உண்டு, ஃபோன் படத்தில் எடுத்த இடமே பதிவாகியிருக்கும், ஆகவே துடைப்பது அவசியம். ஆனால் துடைத்து முடித்துப் பார்த்தால் ஐந்து படங்கள் படுத்துக் கிடந்தன. ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல ஃபோன்கள் படத்தைப் படுக்கையாகவே சேமித்து, ‘காட்டும்போது திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை எக்ஸிஃபில் எழுதி வைக்கும். நான் அந்தக் குறிப்பையும் சேர்த்துத் துடைத்திருந்தேன். போதாக்குறைக்கு ஐபோன் படங்கள் சிலவற்றில் நிறம் வெளுத்திருந்தது. அவை டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிற வரம்பில் எடுக்கப்பட்டவை. அதைச் சொல்லும் கலர் ப்ரொஃபைல் போய்விட்டால், திரை அதே நிற எண்களைச் சாதாரண எஸ்ஆர்ஜிபி நிற வரம்பு என்று நினைத்து மங்கலாகக் காட்டும். ‘நிறம் சோகையாக இருக்கிறது’ என்று ஒருவர் கருத்து எழுதினார். படம் எடுத்தவர் மேல் தப்பில்லை, நான் செய்த வேலை அது.

சரி, இதற்கு எனக்குப் பிடித்த கருவி இர்ஃபான்வியூ. விண்டோஸ் மட்டும்தான், பார்க்கவும் பழைய காலத்து மென்பொருள் மாதிரி இருக்கும், ஆனால் எடை குறைவு, இணையமே வேண்டாம். எக்ஸிஃப் துடைத்துத் தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்களில் மற்றவர்களின் படங்களை ஏற்றுவது எனக்கு ஒப்புதல் இல்லை. சிறு படங்களாகக் காட்டும் ஜன்னலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். ஜேபிஜி லாஸ்லெஸ் பகுதியில் எக்ஸிஃப்படி தானாகத் திருப்பும் வசதியைப் போடுங்கள். எந்தத் தகவலை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று தேர்வு செய்வதும் அதே இடத்தில்தான். கலர் ப்ரொஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். முதலில் நிமிர்த்துவது, பிறகு துடைப்பது. இந்த வரிசை மாறக் கூடாது.

முடிந்ததும் புது ஃபோல்டரில் ஏற்றி அதை மட்டும் பகிருங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

படி 3: கருத்து ஃபார்ம், இரண்டு பக்கம்

முதல் பக்கத்தில் படத்தின் எண், அப்புறம் ஒரே கேள்வி: கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது?

இடத்தைச் சொல்ல ஒரு சுலப வழி வைத்திருக்கிறேன். படத்தை ஃபோனின் டயல் பேட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இடது மேல் மூலை 1, நடு 5, வலது கீழ் மூலை 9. ‘முதலில் 5, உடனே 3இல் இருக்கும் நீல டிரம்’ என்று எழுதினால் போதும். கலைச்சொல் எதுவும் தெரிய வேண்டாம். கம்போசிஷன், லீடிங் லைன் என்றெல்லாம் எழுதத் தயங்கியவர்கள் இதில்தான் வாய் திறந்தார்கள்.

இரண்டாம் பக்கத்தில், எடுத்தவர் சொன்ன நோக்கமும் சந்தேகமும் ஷட்டர் விவரமும் எண் வாரியாக இருக்கும் டாக்குமென்டின் லிங்க். அதைப் படித்த பிறகு இரண்டு கேள்விகள்: அந்த நோக்கம் உங்களுக்கு எட்டியதா? ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? நோக்கத்தை முதலிலேயே காட்டிவிட்டால் எல்லோருக்கும் அதுதான் தெரியும், டிரம் தெரியாது.

மார்க், நட்சத்திரம் எதுவும் இந்த ஃபார்மில் வேண்டாம். மார்க் கேட்டால் மார்க்தான் வரும். ஓட்டெடுப்பைக் கருத்துகள் வந்து சேர்ந்த பிறகு தனியாக வைத்துக்கொள்ளலாம்.

படி 4: ஆளுக்கு நான்கு படம்

எல்லோரும் எல்லாப் படத்துக்கும் எழுதட்டும் என்று விட்டால் முதல் ஐந்து படங்களுக்குக் குவியும், 20க்கு மேல் காற்றாடும். ஷீட்டில் ஒருவர் பெயருக்கு நேராக அடுத்த நான்கு எண்களைப் போடுங்கள். 1ஆம் எண்காரருக்கு 2, 3, 4, 5. கடைசி ஆளுக்கு மறுபடி 1, 2, 3, 4. எல்லாப் படத்துக்கும் சரியாக நான்கு பேர் வந்துவிடும். ஒருவர் எழுதாமல் விட்டாலும் மூன்று மிஞ்சும். ஆனால் எண் கொடுக்கும் முன்பே பெயர் வரிசையைக் குலுக்கிவிடுங்கள், ஷீட்டிலேயே அதற்கு வசதி இருக்கிறது. குலுக்காவிட்டால் ஒன்றாக உட்கார்ந்து அனுப்பிய நண்பர்கள் ஒருவர் படத்துக்கு ஒருவர் எழுதிக்கொள்வார்கள்.

படி 5: திருப்பிக் கொடுப்பது

வந்த கருத்துகளை எடுத்தவருக்கு அனுப்பி, பயன்பட்டவற்றுக்கு எதிரே டிக் போடச் சொல்லுங்கள். 2002இல் தொடங்கிய டிபிசேலஞ்ச் என்ற போட்டோ போட்டித் தளத்தில் பார்த்துப் பிடித்துப்போன யோசனை இது. அங்கே ஓட்டு நடக்கும்போது எடுத்தவர் பெயர் தெரியாது, எந்தக் கருத்து உதவியது என்று எடுத்தவர் குறிக்கவும் முடியும். எங்கள் குழுவில் மாதக் கடைசியில் அதிக டிக் வாங்கியவருக்கும் ஒரு சின்னப் பரிசு. போட்டியில் ஜெயித்தவரைவிட இவருக்குத்தான் இப்போது கைதட்டல் அதிகம்.

பின்சேர்க்கை 1: பாதிப் படங்கள் திறக்கவே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவை ஐபோன் சேமிக்கும் ஹெயிக் (HEIC) வகை ஃபைல்கள். ஐபோனில் செட்டிங்ஸ் போய், கேமரா ஃபார்மட்டில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்தால் இனி எடுப்பவை ஜேபிஜியாக வரும். போட்டி அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: டயல் பேட் முறையில் ஒரு ஓட்டை. கணக்கு எழுதும் வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர், ‘3இல் வானம் வெளுத்திருக்கிறது’ என்ற கருத்தைப் படித்துவிட்டுத் தன் படத்தின் வலது கீழ் மூலையில் வானத்தைத் தேடியிருக்கிறார். அங்கே இருந்தது ஒரு எருமை. கால்குலேட்டரில் 7, 8, 9தான் மேல் வரிசை. அவர் விரலுக்குப் பழகியது அது. இப்போது ஃபார்மின் உச்சியிலேயே ஒன்பது கட்டத்தையும் வரைந்து வைத்திருக்கிறேன்.