டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கேஸ் பைப்பை முடிவு செய்யுங்கள்

அடுப்படியைப் புதுப்பிக்கும்போது டைல்ஸ் நிறத்தைப் பற்றி வாரக்கணக்கில் பேசுவோம், கேஸ் பைப் ஞாபகம் வருவது கேபினட் மாட்டி முடித்த பிறகுதான். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. வால்வு இழுப்பறைக்குப் பின்னால் போய்விட்டது. அதை மூட வேண்டுமென்றால் கரண்டி, கத்தி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இழுப்பறையைக் கழற்றி, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். கேஸ் கசியும் நேரத்தில் இந்தக் கூத்தெல்லாம் நடக்குமா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பைப்பை வெட்டி இணைப்பது உரிமம் உள்ள ஃபிட்டர் செய்யும் வேலை. எது எங்கே வரவேண்டும் என்று தீர்மானிப்பது மட்டும்தான் நம் வேலை.

படி 1: எந்த கேஸ்?

எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தரையோடு தரையாகப் படியும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றில் பாதிக்குச் சற்றே கூடுதலான எடைதான், அது மேலே ஏறும். இதை வைத்துத்தான் மற்றது எல்லாம். எல்பிஜி என்றால் கசிவு அலாரம் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்துக்குள், இயற்கை எரிவாயு என்றால் கூரைக்கு அதே அளவு அருகில். சிலிண்டரை அலமாரிக்குள் வைக்கப்போகிறீர்கள் என்றால் கதவின் அடியில் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள், மேலே மட்டும் இருந்து பயனில்லை. அடுப்பின் நாசிலும் (பர்னருக்குள் கேஸைவிடும் சிறு துளையுள்ள பாகம்) கேஸுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

படி 2: அடுப்பு எவ்வளவு கேஸ் குடிக்கும்?

அடுப்பின் விவரத்தாளில் ஒவ்வொரு பர்னருக்கும் கிலோவாட் போட்டிருக்கும், அதைக் கூட்டுங்கள். சின்னது 1, நடுத்தரம் இரண்டு சேர்த்து 3.5, பெரியது 3 என்றால் மொத்தம் 7.5. கேஸ் ஓவனும் இருந்து அது 2.5 என்றால் 10 ஆகிவிடும், அதாவது எல்லாம் ஒன்றாக எரிந்தால் இயற்கை எரிவாயு மணிக்கு ஏறக்குறைய 1 கன மீட்டர். அந்தக் கணக்கோடு பைப்பின் நீளத்தையும் எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவு) எண்ணிக்கையையும் ஃபிட்டரிடம் கொடுத்தால் பைப்பின் அளவை அவர் சொல்லிவிடுவார். எல்போவை ஏன் எண்ண வேண்டும் என்றால், ஒவ்வொரு திருப்பமும் சுமார் அரை மீட்டர் பைப் கூடியது போல அழுத்தத்தைத் தின்னும். வீட்டு அடுப்புக்கு வரும் அழுத்தமே பல இடங்களில் 20 முதல் 37 மில்லிபார்தான், தாராளமாக இழக்க அதில் ஒன்றும் இல்லை. காசு மிச்சம் என்று பைப்பை ஒரு அளவு குறைக்காதீர்கள்; விட்டம் கொஞ்சம் குறைந்தாலே இழப்பு பல மடங்காகும், நான்கு பர்னரையும் பற்றவைத்ததும் தீ சுருங்கிவிடும்.

படி 3: சுவரில் வரையுங்கள்

காகிதம் வேண்டாம், சாக்பீஸை எடுத்துச் சுவரிலேயே வரையுங்கள்: அடுப்பு, சிங்க், ஸ்விட்ச், இழுப்பறை எல்லாம். வால்வு அடுப்புக்கு நேர் பின்னால் வரக்கூடாது, தீயைத் தாண்டிக் கை நீட்ட வேண்டியிருக்கும். பக்கவாட்டில், கேபினட் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடம் போதும். பைப் நேராக மேலேறலாம், நேராகப் பக்கவாட்டில் போகலாம், குறுக்குச்சாய்வாக மட்டும் வேண்டாம். இரண்டு வருடம் கழித்து அலமாரி மாட்ட டிரில்லோடு வருபவருக்கு அது எங்கே ஓடுகிறதென்று எப்படித் தெரியும்? சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் ஸ்லீவ் (பைப்பைச் சுற்றி ஒரு உறைக்குழாய்) வேண்டும், சுவருக்குள் இணைப்பு கூடவே கூடாது. மின்கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை உங்கள் ஊர் விதிப்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

பைப்பையும் அடுப்பையும் இணைக்கும் வளையும் குழாயான ஹோஸைப் பற்றி ஒரு வரி: ஓவனுக்குப் பின்னாலோ சுவர் வழியாகவோ போகக்கூடாது, அதில் அச்சிட்டிருக்கும் தேதி கண்ணில் படவேண்டும்.

படி 4: மூடுவதற்கு முன் சோதனை

பூச்சு வேலைக்கு முன், பைப்பில் காற்றடைத்து அழுத்தமானியில் இறங்குகிறதா என்று ஃபிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவித் தேடலாம். தீக்குச்சி உரசிப் பார்ப்பவரை உடனே வெளியே அனுப்புங்கள்.

எல்லாம் சரி என்றதும் சுவரில் அளவுநாடாவை வைத்துப் பைப்பைப் படமெடுங்கள். அதன் பிரதி ஒன்றை கார்பென்டரிடமும் கொடுத்துவிடுங்கள், இழுப்பறை எங்கே வரக்கூடாது என்று அவருக்கும் தெரிய வேண்டுமே.