கம்ப்யூட்டர் வகுப்பு நாட்களில் மட்டும் வந்த தடிப்பு

மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. பள்ளி விட்டு வரும்போது சில நாட்களில் மட்டும் கண் இமை வீங்கி, கன்னத்தில் திட்டுத் திட்டாகத் தடித்திருக்கும். வீட்டில் செக்குக் கடலை எண்ணெய் எப்போதோ நின்றுவிட்டது. இட்லிப் பொடி, சோப்பு, சீருடைக்குப் போடும் சலவைத்தூள் என எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று. மருத்துவர் தந்த செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மருந்து அன்றைய அரிப்பைத் தணித்தது, அவ்வளவுதான்.

கடைசியில், தடிப்பு வந்த தேதிகளை வகுப்பு அட்டவணையோடு ஒப்பிட்டேன். எல்லாமே மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பாடவேளை கம்ப்யூட்டர் வகுப்பாக இருந்த நாட்கள்! பிள்ளைகள் கடலை மிட்டாய் தின்ற கையில் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு மவுஸைப் பிடிக்கிறார்கள். அடுத்து அதே மவுஸைத் தொடும் இவன் கண்ணைக் கசக்குகிறான். சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர, கடலைப் புரதத்தைக் கையிலிருந்து அகற்றாது. அதற்குச் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

வகுப்பாசிரியை உடனே ஒப்புக்கொண்டார். இப்போது சாப்பிட்டதும் வகுப்பே வரிசையில் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவுகிறது. மவுஸையும் கீபோர்டையும் ஈர டிஷ்யூவால் துடைக்கிறார்கள். அதன்பின் தடிப்பு வரவில்லை; நிம்மதி. அவசர மருந்தும் மருத்துவரின் குறிப்பும் மட்டும் ஆசிரியையின் மேசையில் அப்படியே இருக்கின்றன.