சிப் வடிவமைப்பில் ரூட்டிங் நெரிசல்: காரணம் கண்டு தீர்க்கும் செய்முறை

செல்களை (தர்க்கச் செயலைச் செய்யும் சிறு சுற்றுகளை) இடத்தில் அமர்த்தும் பிளேஸ்மென்ட் முடிந்து, அவற்றை உலோகக் கம்பிகளால் இணைக்கும் ரூட்டிங் தொடங்கியதும் வேலை முட்டிக்கொண்டு நிற்பது, பிசிக்கல் டிசைன் (சுற்றைச் சிப்பின் வரைபடமாக மாற்றும் வேலை) கற்பவர்கள் பெரும்பாலும் சந்திக்கும் முதல் பெரிய தடையாகும். உடனே கோரின் (சிப்பில் செல்கள் அமரும் பகுதியின்) பரப்பை மொத்தமாகக் கூட்டிவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். ஆனால் நெரிசல் எங்கே, எந்தத் திசையில், எதனால் வந்தது என்று அறியாமல் பரப்பைக் கூட்டினால் சிப்பின் விலை கூடும். நெரிசலோ அதே மூலையில் அப்படியே நிற்கக்கூடும். கூகுளும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட 130 நானோமீட்டர் திறந்தநிலை பிடிகே-யையும் (சிப் ஆலையின் அளவுகளும் விதிகளும் அடங்கிய வடிவமைப்புத் தொகுப்பு), பிளேஸ்மென்ட்டும் ரூட்டிங்கும் செய்யும் ஓபன்ரோடு மென்பொருளையும் கொண்டு இதை விளக்குகிறேன். இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பதால் படித்த கையோடு செய்து பார்க்கலாம்.

படி 1: கொள்ளளவைக் கையால் கணக்கிடுங்கள்

கம்பிகளின் பாதையை முதலில் தோராயமாகத் திட்டமிடும் குளோபல் ரூட்டர் சிப்பின் பரப்பைச் சிறு சதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு சதுரத்தின் எல்லையை எத்தனை கம்பிகள் கடக்க முடியும் என்பது கொள்ளளவு. எத்தனை கடந்தாக வேண்டும் என்பது தேவை. தேவை மிஞ்சிய அளவே ஓவர்ஃப்ளோ. இந்தப் பிடிகே-யில் மெட்டல் 1, 3, 5 ஆகிய உலோக அடுக்குகள் கிடைமட்டமாகவும், மெட்டல் 2, 4 ஆகியவை செங்குத்தாகவும் ஓடுகின்றன. மெட்டல் 1 முதல் 5 வரை பிட்ச் (அடுத்தடுத்த கம்பிகளின் மையங்களுக்கு இடையிலான தூரம்) முறையே 0.34, 0.46, 0.68, 0.92, 3.40 மைக்ரோமீட்டர். சதுரத்தின் பக்கம் 6.9 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், கிடைமட்டத்தில் 20, 10, 2 என 32 டிராக்குகளும் (கம்பி ஓடும் தடங்கள்), செங்குத்தில் 15, 7 என 22 டிராக்குகளும் கிடைக்கும். மெட்டல் 1-இன் 20 டிராக்குகளும் முழுதாகக் கைக்கு வராது. செல்வரிசைகளின் மின்கம்பிகளும், செல்களின் இணைப்பு முனைகளான பின்களைத் தொடும் வயாக்களும் (அடுக்குகளை இணைக்கும் செங்குத்துத் துண்டுகள்) அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே மொத்த எண்ணிக்கையை நம்பாமல், அடுக்கு வாரியாகவும் திசை வாரியாகவும் சிந்திக்கப் பழகுவது அவசியம்.

படி 2: அறிக்கையையும் வரைபடத்தையும் சேர்த்துப் படியுங்கள்

குளோபல் ரூட்டிங் முடிவில் ஒவ்வொரு அடுக்கின் கொள்ளளவு, தேவை, பயன்பாட்டு விழுக்காடு, ஓவர்ஃப்ளோ ஆகியவை அட்டவணையாக வரும். பயன்பாடு 40 விழுக்காடு மட்டுமே என்று பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அது சிப் முழுவதற்குமான சராசரி, நெரிசலோ ஓரிடத்துச் சிக்கல். ஓபன்ரோடின் வரைகலைத் திரையில் நெரிசலை நிறத்தால் காட்டும் ஹீட்மேப்பைத் திறந்து, சிவந்த பகுதியின் வடிவத்தைக் கவனியுங்கள். இரண்டு மேக்ரோக்களுக்கு (நினைவகம் போன்ற ஆயத்தப் பெரிய தொகுதிகளுக்கு) நடுவே கோடாக இருக்கிறதா, செல்களின் கூட்டத்தில் திட்டாக இருக்கிறதா, சிப்பின் விளிம்பில் பின்களை ஒட்டி இருக்கிறதா, எங்கும் பரவி இருக்கிறதா என்பதே அடுத்த படியைத் தீர்மானிக்கும். எங்கும் பரவியிருந்தால் மட்டுமே பரப்பைக் கூட்டுவது முதல் மருந்தாகும்.

படி 3: மேக்ரோ இடைவெளியைச் சரிசெய்யுங்கள்

என் பார்வையில் ஒரு தொடக்கநிலையாளர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. ஏனெனில் ஃபுளோர்பிளானில் (பெரிய தொகுதிகளின் இட அமைப்பில்) நேர்ந்த பிழையைப் பின்வரும் எந்தக் கட்டமும் முழுமையாகத் திருத்தாது. ஓபன்ராம் என்ற மென்பொருள் உருவாக்கிய 2 கிலோபைட் எஸ்ராம் (நினைவக) மேக்ரோவை எடுத்துக்கொள்வோம். அது 32 பிட் அகலமும் 512 சொற்களும் கொண்டது. எழுதவும் படிக்கவும் ஒரு போர்ட், படிக்க மட்டும் இன்னொரு போர்ட். டேட்டா, முகவரி, மாஸ்க், கட்டுப்பாடு, கிளாக் என எல்லாவற்றையும் கூட்டினால் 123 சிக்னல்கள் வரும். மெட்டல் 4 வரை மேக்ரோ தன் உள்வேலைக்கே எடுத்துக்கொள்வதால், அதன் மேலே கம்பி கடக்க அகன்ற பிட்ச் கொண்ட மெட்டல் 5 மட்டுமே மிஞ்சும்.

இந்த 123 கம்பிகளும் மேக்ரோக்களுக்கு நடுவே உள்ள ஒரு செங்குத்துச் சந்து வழியாகச் செல்ல வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். மெட்டல் 2-உம் 4-உம் சேர்ந்து ஒரு மைக்ரோமீட்டருக்குச் சுமார் 3.26 டிராக்குகளைத் தருகின்றன. பவர் ஸ்ட்ராப்புகள் (மின்சாரம் கொண்டுசெல்லும் பட்டைகள்), பஃபர்கள் (சிக்னலை வலுப்படுத்தும் செல்கள்), வயாக்கள் ஆகியவற்றுக்குப் பாதியை ஒதுக்கினால் சந்தின் அகலம் சுமார் 76 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால், மேக்ரோவைப் புரட்டி அதன் பின்கள் கோரின் நடுப்பகுதியை நோக்குமாறு வைத்து, கம்பிகள் சந்துக்குள் நுழைய வேண்டிய தேவையையே குறையுங்கள். சந்துக்குள் சாதாரண செல்கள் வந்து அமராதபடி பிளேஸ்மென்ட் பிளாக்கேஜ் இடுவதும் நல்லது. பஃபர்கள் மட்டும் அமர அனுமதிப்பது பெரும்பாலும் போதும்.

படி 4: செல் திட்டுகளைத் தளர்த்துங்கள்

சிறு பரப்பில் நிறையப் பின்கள் குவிவதே இங்கே காரணம். ஒவ்வொரு பிட்டைச் சேமிக்கும் ஃபிளிப்ஃபிளாப்புகளால் கட்டிய 32×32 ரெஜிஸ்டர் ஃபைல் இதற்குத் தெளிவான உதாரணம்: 1,024 ஃபிளாப்புகளின் வெளியீடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரீட் போர்ட்டின் மல்டிபிளெக்ஸர் மரத்துக்கும் போயாக வேண்டும். அந்தத் தொகுதியின் செல்களுக்கு மட்டும் பேடிங் கொடுத்து இடைவெளி உண்டாக்குங்கள். பிளேஸரில் ரூட்டபிலிட்டி வசதியை இயக்கினால், நெரிசலான சதுரங்களில் உள்ள செல்களைப் பெரியவையாகக் கருதி அதுவே விலக்கி வைக்கும். பின்கள் மிகுந்த கூட்டுக் கேட்களை அப்பகுதியில் தவிர்த்து மீண்டும் சிந்தசிஸ் (தர்க்கத்தைக் கேட்களாக மாற்றும் வேலை) செய்வதும் பலன் தரும்; செல் பரப்பு சற்றுக் கூடும், கம்பி எளிதாகும்.

விளிம்பு நெரிசலுக்கு, பின்களை ஒரே பக்கத்தில் குவிக்காமல், அவை இணையும் தொகுதிகள் இருக்கும் பக்கங்களுக்குப் பிரித்துவிட்டாலே பெரும்பாலும் போதும்.

படி 5: அடுக்கு அட்ஜஸ்ட்மென்ட்டை நேர்மையாகப் பயன்படுத்துங்கள்

அட்ஜஸ்ட்மென்ட் 0.3 என்றால் அந்த அடுக்கின் கொள்ளளவில் 30 விழுக்காட்டை ரூட்டர் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைக்கிறது. இந்த எண்ணைக் குறைத்தால் ஓவர்ஃப்ளோ காகிதத்தில் மறையும். ஆனால் சிப்பில் ஒரு டிராக்கும் புதிதாக உருவாவதில்லை. நெரிசலோடு தொடர அனுமதிக்கும் விருப்பமும் அப்படியே. நோயறிய அதை இயக்கலாம், தீர்வாக எண்ணக் கூடாது. அப்படி எண்ணினால், கம்பிகளை இறுதியாக வரையும் டீட்டெய்ல்டு ரூட்டர் மணிக்கணக்கில் ஓடி, இறுதியில் டிஆர்சி (உற்பத்தி விதி) மீறல்களை விட்டுச்செல்லும்.

படி 6: மாற்றத்துக்குப் பின் சரிபாருங்கள்

ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து, ஓவர்ஃப்ளோவோடு மொத்தக் கம்பி நீளத்தையும் டைமிங்கையும் (சிக்னல்கள் உரிய நேரத்தில் சேர்வதையும்) குறித்துக்கொள்ளுங்கள். நெரிசலைத் தவிர்க்கச் சுற்றிச் செல்லும் கம்பி தாமதத்தைக் கூட்டும். ஓவர்ஃப்ளோ பூஜ்யமான பிறகும் டீட்டெய்ல்டு ரூட்டிங்கில் மெட்டல் 1, 2 அடுக்குகளில் ஷார்ட்டுகள் (தொடக்கூடாத கம்பிகள் தொட்டுக்கொள்வது) எஞ்சினால், அது பெரும்பாலும் பின்னை அணுக முடியாத சிக்கலாகும். சதுர அளவில் மட்டும் பார்க்கும் குளோபல் ரூட்டருக்கு அது தெரியாது. மீறல்கள் குவிந்த செல்களைத் திரையில் கண்டுபிடித்து, அவற்றுக்கு மட்டும் பேடிங் கொடுத்துப் பிளேஸ்மென்ட்டிலிருந்து மீண்டும் ஓட்டுங்கள்.