பத்மினியை விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போனபோது

அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி காரை விற்க மனம் வரவில்லை. வேலைக்காக ஒரு வருடத்துக்கு மேல் ஜெர்மனியில் இருக்க வேண்டும். வண்டி நிற்பதோ திருவான்மியூரில், உப்புக் காற்றில்.

பெட்ரோல்தான் பெரிய கவலை. "டேங்க்கை நிரப்பி வை" என்பது பழைய காலத்து யோசனை. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீர் அடியில் தங்கினால் இரும்பு டேங்க் துருப்பிடிக்கும். அதனால் முழுவதும் வடித்துவிட்டு, கார்புரேட்டர் காயும் வரை இன்ஜினை ஓடவிட்டேன். டேங்க் உட்சுவரில் படியும்படி கொஞ்சம் ஆயிலும் விட்டேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில்.

பேட்டரியைக் கழற்றி மச்சானிடம் கொடுத்தேன், அவ்வப்போது சார்ஜ் போட. "மாசம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணட்டுமா மாப்ளே?" என்றார். வேண்டாம் என்றேன். ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால் சைலன்சருக்குள் ஈரம்தான் சேரும்.

டயர் சப்பையாகாமல் இருக்க வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். மேலே பருத்தித் துணி. பிளாஸ்டிக் உறை வியர்க்கும். எலிக்குப் பயந்து சைலன்சர் வாயில் கம்பிவலை. (எங்கள் தெரு எலிகள் வயர் ருசி கண்டவை.)

இன்சூரன்ஸை ஆன்லைனில் புதுப்பித்தேன். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் நோ கிளெயிம் போனஸ் (கிளெயிம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும்.

திரும்பியதும் டேங்க்கைப் பெட்ரோலால் அலசி, ஆயில் மாற்றி, பிளக் இல்லாமலே இன்ஜினைச் சுற்றவிட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தேன். பிரேக் ஆயிலை மட்டும் மெக்கானிக் மாற்றினார்.